எண்பது லட்சம் ஊசித் துளைகள்

'டூ லவ்வர்ஸ் அண்ட் எ பேர்' என்று ஒரு கனடா படம். 2016-ல் வந்தது, இயக்கியவர் கிம் நுயென். ஆர்க்டிக்கில் ஒரு குட்டி ஊர். ரோமன் என்று ஒரு பையன், லூசி என்று ஒரு பொண்ணு. ரெண்டு பேருக்கும் மண்டைக்குள் ஏகப்பட்ட சிக்கல். அவளை அப்பாவின் நினைப்பு பேய் மாதிரி துரத்தும். இவனிடம் ஒரு பனிக்கரடி வந்து பேசும். அதுவும் மிரட்டலா இல்லை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுற பெரியவர் மாதிரி சாவகாசமா பேசும். ரெண்டு பேரும் பனிப்பாலையைக் கடந்து தெற்கே கிளம்புகிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், அடிக்க வருவீங்க :-)

படத்துக்கு விமர்சனம் எழுத உட்காரலை. பார்த்து முடித்ததும் ஞாபகம் வந்தது இதைவிட விசித்திரமான ஒரு நிஜக் காதல். அதிலும் பனி உண்டு, கரடி உண்டு, பேய் கூட உண்டு என்று சொல்லலாம். 1897-ல் ஆரம்பித்து 1949-ல் முடிந்த கதை. விவேகானந்தர் அமெரிக்காவிலிருந்து திரும்பி பாம்பனில் வந்திறங்கினாரே, அதே 1897.

ஸ்வீடன்காரர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். மூன்று பேர் பலூனில் வடதுருவம் போய் காணாமல் போன கதையாகத்தான் அவர்களும் சொல்வார்கள். நான் நாலாவது ஆளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனா அதுக்கு முதலில் பலூனைப் பற்றிச் சொல்லியாகணும்.

சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே. ஸ்டாக்ஹோமில் காப்புரிமை அலுவலகத்தில் இன்ஜினியர். நம்ம ஆள்தான்! 1893-லிருந்து 1895-க்குள் 'ஸ்வேயா' என்ற தன் பலூனில் ஒன்பது தடவை பறந்தவர். 1895-ல் ஸ்வீடன் அறிவியல் அகாடமியில் எழுந்து ஒரு திட்டத்தைச் சொன்னார். ஐஸில் கப்பல் விட்டு, நாய் வண்டி கட்டி, விரல் அழுகிச் சாகுறதெல்லாம் எதுக்கு? ஹைட்ரஜன் பலூனில் ஏறினால் ரஷ்யாவிலோ வட அமெரிக்காவிலோ போய் ஜம்முனு இறங்கிடலாம். நடுவில் துருவம் வரும், மேலே இருந்தே ஒரு பார்வை பார்த்துக்கலாம். பலூனைக் காற்று இழுத்துட்டுப் போகுமே, எப்படித் திருப்புவது என்றால் அதுக்கும் பதில் வைத்திருந்தார். கனமான கயிறுகளை ஐஸ் மேல் இழுபட விட்டால் பலூன் காற்றைவிட மெதுவாகப் போகும், அப்போ பாய் கட்டி திசையைக் கொஞ்சம் மாற்றலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கு. டைனமைட் ஆல்ஃபிரட் நோபல் பெரும்பங்கு பணம் கொடுத்தார். ராஜா இரண்டாம் ஆஸ்கர் கொடுத்தார். பத்திரிகைகள் கொண்டாடின. பாரிஸில் ஹென்றி லஷாம்பர் என்பவரின் பட்டறையில் பலூன் தயாரானது. விட்டம் 20.5 மீட்டர். மூன்று அடுக்கு சீனப் பட்டு, மேலே வார்னிஷ் பூச்சு. பெயர் 'ஓர்னென்', அதாவது கழுகு.

இந்த இடத்தில் எங்க ஊரைக் கூப்பிட்டுக்கறேன். பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம். (2019-ல் மாவட்டத்தை மூணா உடைச்சப்போ ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம் போயிடுச்சு, நாங்க வேலூர்லயே நின்னுட்டோம்.) ஊரில் தடுக்கி விழுந்தால் டேனரி, எழுந்து நடந்தால் ஷூ கம்பெனி. வீட்டுக்கு ஒருத்தராவது தையல் லைனில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைத்திருப்பார்கள். ஷூவைப் பற்றி ஒண்ணும் தெரியாத என்னிடம் சின்ன வயசிலேயே எங்க பெரியம்மா சொன்ன பாடம் ஒன்று உண்டு: "தோலுக்குள்ள தண்ணி போகாதுடா, தையலுக்குள்ளதான் போகும்." எவ்வளவு நல்லாப் பதனிட்ட தோலா இருந்தாலும் ஊசி இறங்கிய இடம் ஓட்டைதான். நூல் அந்த ஓட்டையை முழுசா அடைக்காது. அதனாலதான் மழைக்கான பூட்ஸில் தையலுக்கு உள்பக்கம் தனியா டேப் ஒட்டுவார்கள், இல்லைன்னா அந்த இடத்தில் தையலையே குறைப்பார்கள்.

ஓர்னென் பலூனின் தையல் ஓரங்களில் இருந்த ஊசித் துளைகள் கிட்டத்தட்ட எண்பது லட்சம். அடைக்கணும்னு பட்டுப் பட்டைகள் ஒட்டினார்கள், ரகசிய வார்னிஷ் தடவினார்கள். அடங்கலை. உள்ளே இருப்பது தண்ணீர் கூட இல்லை, ஹைட்ரஜன். உலகத்திலேயே லேசான வாயு. நாளொன்றுக்கு 68 கிலோ தூக்கும் சக்தி அந்தத் துளைகள் வழியா வெளியே போய்க்கொண்டிருந்தது. பெரியம்மாவிடம் காட்டியிருந்தால் பாரிஸ் பட்டறையிலேயே பலூனை ரிஜெக்ட் பண்ணியிருப்பார்.

ரிஜெக்ட் பண்ண ஒருத்தர் இருந்தார். 1896 கோடையில் முதல் முயற்சி நடந்தது. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கூட்டத்தில் டான்ஸ்கொயா என்ற தீவுக்குப் போய், பலூனுக்கு மரக்கொட்டகை கட்டி, கந்தக அமிலத்தையும் இரும்பையும் கொண்டு அங்கேயே ஹைட்ரஜன் தயாரித்து ஊதிவிட்டு உட்கார்ந்தார்கள். (இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008-ல் திறக்கப்பட்டது இதே தீவுக்கூட்டத்தில்தான்.) வடக்கே தள்ள ஒரு தெற்கத்திக் காற்று வேணும். சுத்தத் தமிழில் சொன்னால் தென்றலுக்காகக் காத்திருந்தார்கள். பிரிந்திருக்கும் காதலர்களை வாட்டுவதற்கென்றே நம்ம கவிஞர்கள் வளர்த்துவிட்ட அதே தென்றல். அந்த வருஷம் கடைசி வரைக்கும் அது வரவே இல்லை.

சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் வானிலை நிபுணர் நில்ஸ் எக்ஹோல்ம் பலூனின் கசிவை அளந்தார். ஆந்த்ரே 30 நாள் பறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எக்ஹோல்ம் கணக்குப்படி 17 நாளைத் தாண்டாது. இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரிய வந்தது. ஆந்த்ரே யாருக்கும் சொல்லாமல் அவ்வப்போது பலூனில் புது ஹைட்ரஜன் ஏற்றி அளவைச் சரிக்கட்டி வந்திருக்கிறார். எக்ஹோல்ம் இது சரிப்படாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்.

சாஃப்ட்வேரில் இருக்கிறவங்களுக்கு இந்த மீட்டிங் ரொம்பப் பரிச்சயம். கிளையன்ட்டுக்குத் தேதி சொல்லியாச்சு, பணம் வாங்கியாச்சு, பேப்பரில் படம் வந்தாச்சு. டெஸ்டர் ஒருத்தர் மட்டும் கையைத் தூக்கி "லீக் ஆகுது" என்கிறார். எல்லாரும் அவரைப் பார்க்கிற பார்வை இருக்கே! டெஸ்டர் ப்ராஜெக்ட்டை விட்டுப் போகிறார், அவர் இடத்துக்கு இன்னொரு ஆள் வருகிறார், கோ-லைவ் தேதி மட்டும் மாறுவதே இல்லை. எக்ஹோல்ம் இடத்துக்கு வந்தவர் க்னுட் ஃப்ரெங்கெல், 27 வயசு, திடகாத்திரமான இன்ஜினியர். கழுகை ஒரு தடவைகூடப் பறக்கவிட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை. முதல் ஓட்டமே நேரா ப்ரொடக்ஷனில்.

மூன்றாவது ஆள்தான் நமக்கு முக்கியம். நில்ஸ் ஸ்டிரிண்ட்பெர்க். இயற்பியல் படித்தவன், ஃபோட்டோகிராஃபர், வயலின் வாசிப்பான். அப்பா, நாடக ஆசிரியர் ஆகஸ்ட் ஸ்டிரிண்ட்பெர்க்கின் பங்காளி முறை. 1896 குழுவிலும் நில்ஸ் இருந்தான். கசிவுக் கணக்கு அவனுக்கும் தெரியும். தோற்றுப்போய் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், அக்டோபர் 1896-ல், அவனுக்கும் அன்னா ஷார்லியே என்ற பெண்ணுக்கும் நிச்சயதார்த்தம் ஆனது. அவள் பியானோ வாசிப்பாள்.

ப்ளஸ் டூவில் எங்க தமிழ் ஐயா 'செலவழுங்குதல்' என்று ஒரு துறை சொல்லிக்கொடுத்தார். அகப்பாட்டில் வருவது. செலவு என்றால் பயணம். தலைவன் பொருள் தேடிப் பாலை வழியே போகக் கிளம்புவான், தலைவியின் கண்ணைப் பார்ப்பான், 'சரி, இப்போ வேண்டாம்' என்று நின்றுவிடுவான். அடடா, எவ்வளவு பாசம் என்று நாங்கள் உருகிக்கொண்டிருக்கும்போதே ஐயா தொல்காப்பியத்தைக் காட்டி பல்பைப் பிடுங்கினார். அப்படி நிற்பது போகாமல் விடுவதற்காக இல்லையாம். அவளைத் தேற்றிச் சமாதானப்படுத்திவிட்டு அப்புறம் போவதற்காகத்தான் அந்தத் தாமதமாம். வகுப்பில் இருந்த பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு.

நில்ஸ்-அன்னா நிச்சயதார்த்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பயணங்களுக்கு நடுவில் ஒரு எட்டு ஒன்பது மாசம். வயலின், பியானோ, மோதிரம். ஸ்வீடனில் உட்கார்ந்து ஒரு அசல் செலவழுங்கல். அப்புறம் கிளம்பிவிட்டான். அவனை வில்லனாக்கணும்னு சொல்லலை. 24 வயசு, நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, எக்ஹோல்முக்கு விழுந்த கோழைப் பட்டம் அவனுக்கும் விழுந்திருக்கும். ஆனால் அளவு தெரிந்தே போனான் என்பதை ஸ்வீடனின் வீரக்கதைகள் ரொம்பக் காலத்துக்கு மென்று முழுங்கின. எனக்கு அதுதான் உறுத்தல்.

11 ஜூலை 1897. தென்றல் வந்தது. 'ஸ்வென்ஸ்குண்ட்' என்ற கடற்படைக் கப்பலில் டான்ஸ்கொயாவுக்கு வந்திருந்த மூவரும் பலூனில் ஏறினார்கள். ஏறின சில நிமிஷத்திலேயே பலூன் கடலைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தது. இழுவைக் கயிறுகளில் பெரும்பகுதி முறுக்கிக்கொண்டு கழன்று கரையிலேயே விழுந்துவிட்டது. 530 கிலோ கயிறு போச்சு. பயந்துபோய் 210 கிலோ மணலையும் கொட்டினார்கள். பலூனைத் திருப்புவதற்கென்று இருந்த ஒரே சாதனம் போய்விட்டது, எடை குறைந்ததால் பலூன் 700 மீட்டருக்கு எகிறியது. மேலே போகப் போக ஊசித் துளைகள் வழியாக ஹைட்ரஜன் இன்னும் வேகமாகப் போகும். பலூன் சுதந்திரமாகப் பறந்தது 10 மணி 29 நிமிஷம். அதுக்கப்புறம் 41 மணி நேரம் தரையில் மோதிக்கொண்டும் எழுந்துகொண்டும் போனது. பனிமூட்டத்தில் நனைந்து, மேலே ஐஸ் படிந்து, 14 ஜூலை காலையில் 82 டிகிரி 56 நிமிட அட்சரேகையில் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. 30 நாள் என்ன, 17 நாள் என்ன, மூணு நாளைக்குக்கூடத் தாங்கவில்லை.

கூடவே 36 புறாக்கள் கொண்டுபோயிருந்தார்கள், ஒரு பத்திரிகை கொடுத்தது. ஊருக்குச் செய்தி வந்து சேர்ந்தது ஒரே ஒரு புறா மூலமாக. ஒரு கப்பலில் வந்து உட்கார்ந்த அதைச் சுட்டுவிட்டுத்தான் காலில் சீட்டு இருப்பதையே பார்த்தார்கள். 13 ஜூலை தேதியிட்ட சீட்டு, எல்லாரும் நலம் என்று. அவ்வளவுதான். அதன் பிறகு 33 வருஷம் உலகத்துக்கு எதுவும் தெரியாது.

நமக்குத் தெரியும். ஐஸில் மூவரும் டயரி எழுதினார்கள், நில்ஸ் படம் எடுத்தான். சரிந்து கிடக்கும் பலூனை இரண்டு பேர் நின்று பார்க்கிற அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு 22 ஜூலை அன்று தென்கிழக்கே ஃப்ரான்ஸ் ஜோசப் லேண்டில் வைத்திருந்த உணவுக் கிடங்கை நோக்கி நடந்தார்கள். ஆளுக்கு ஒரு சறுக்கு வண்டி, ஒவ்வொன்றிலும் 200 கிலோ சுமார். மேடும் பள்ளமுமான ஐஸில், நாய் இல்லாமல், தாங்களே இழுத்தார்கள். எங்க பாலாற்றில் தண்ணி ஓடறதே அபூர்வம், அதனால வெள்ளத்தில் எதிர்நீச்சலுக்கு எங்க ஊர் உதாரணம் கைவசம் இல்லை. ஆனா கதை அதேதான். காலடியில் இருந்த ஐஸ் எதிர்த்திசையில் மிதந்துகொண்டிருந்தது. ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தால் நடந்த தூரத்தை ஐஸ் திருப்பி வாங்கியிருக்கும். ஆகஸ்ட் 4 அன்று அந்தத் திசையைக் கைவிட்டு தென்மேற்கே திரும்பினார்கள். அங்கேயும் அதே கதை.

மூவருக்கும் ஒரே தூங்கும் பை, கலைமான் தோலில் செய்தது. ஈரம் பட்டுப் பட்டு அது முடி உதிர்த்துக்கொண்டே இருந்தது, சாப்பாட்டில் எல்லாம் முடி. டேனரிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தோலிலிருந்து முடியை எடுக்க நாங்கள் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மெனக்கெடுகிறோம், இவர்களுக்கு ஓசியிலேயே நடந்திருக்கிறது. போட்டிருந்த உடுப்போ கம்பளிக் கோட்டு. ஆர்க்டிக்கில் வாழ்ந்த மக்கள் உடுத்தின தோல் உடை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருப்பவனிடம் கேட்காமலேயே ப்ராடக்ட் டிசைன் பண்ணுகிற வியாதி அப்போதிருந்தே உண்டு போல.

சாப்பாடு கரடி. நில்ஸ்தான் சமையல்காரன். கரடிகள் மோப்பம் பிடித்துத் தானே கூடாரம் வரைக்கும் வரும், சுடுவார்கள், சமைப்பார்கள், சில சமயம் பச்சையாகவும் தின்பார்கள். படத்தில் பேசுகிற கரடியைப் பார்த்தபோது எனக்கு இது ஞாபகம் வந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆரம்ப நாட்களில் நில்ஸ் அன்னாவுக்குக் கடிதம் எழுதினான், சுருக்கெழுத்தில். தபால் பெட்டி எங்கே இருக்கு? ஆனாலும் எழுதினான். ஜூலை 25 அன்னாவின் பிறந்தநாள். அன்றைக்குப் பத்து மணி நேரம் வண்டி இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, களைப்பா இருக்கு, ஆனா கொஞ்சம் பேசிட்டுத்தான் தூங்குவேன் என்கிற தோரணையில் வாழ்த்துச் சொல்கிறான். தான் நல்ல ஆரோக்கியமா இருப்பதை உடனே அவளுக்குச் சொல்ல முடியலையே என்கிறான். எப்படியும் வந்துசேர்ந்திடுவோம் என்கிறான்.

எங்க வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் நாலு கேசட் இருக்கு. அப்பா சவூதியில் இருந்தபோது கடிதத்துக்குப் பதிலா பேசி அனுப்பியவை. எங்க தெருவில் நிறைய வீட்டில் இருக்கும். போடுவதற்கு டேப் ரெக்கார்டர் இப்போ இல்லை, ஆனால் என்ன இருக்கும் என்று அம்மாவுக்கு மனப்பாடம்: "நான் இங்க நல்லா இருக்கேன்." ஒவ்வொரு கேசட்டும் அப்படித்தான் ஆரம்பிக்குமாம். அம்மா கேட்கும்போது அது மூணு வார பழைய 'நல்லா'. அந்த மூணு வார இடைவெளிதான் பயம் என்பார். நில்ஸின் 'நல்லா இருக்கேன்' அன்னாவைச் சேர்ந்தபோது 33 வருஷப் பழசு.

சீக்கிரமே கடிதங்கள் நின்றுபோயின. குறிப்புகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் மிஞ்சின. செப்டம்பர் 4 நில்ஸின் 25-வது பிறந்தநாள். அன்றைக்கு ஆந்த்ரே அவனை எழுப்பி, அன்னாவும் வீட்டாரும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்த கடிதங்களைக் கையில் கொடுத்தார். மாசக்கணக்கில் அதை மறைத்து வைத்து, அவ்வளவு எடைக்கு நடுவே சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அவன் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க அவருக்கும் சந்தோஷமாக இருந்தது என்று டயரியில் எழுதியிருக்கிறார். அளவைச் சரிக்கட்டிய அதே ஆந்த்ரேதான். அவர் மேல் முழுசா கோபப்பட முடியாமல் செய்கிற இடம் இது.

செப்டம்பர் 17 அன்று க்விட்டொயா, அதாவது வெள்ளைத் தீவு, கண்ணில் பட்டது. மறுநாள் ராஜா பட்டமேறிய 25-வது ஆண்டு. சீல் கறியும், ராஜா கொடுத்தனுப்பிய 1834-ம் வருஷத்துப் போர்ட் ஒயினுமாக ஐஸ் மேல் விருந்து! மிதக்கும் ஐஸ் பாளத்தில் பனி வீடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கலாம் என்று பார்த்தார்கள். அக்டோபர் 2 அன்று வீட்டுக்கு அடியிலேயே பாளம் பிளந்தது. அக்டோபர் 5 அன்று தீவில் கரையேறினார்கள். அதற்கப்புறம் சில நாள் குறிப்புகள், பிறகு ஒன்றுமில்லை. நில்ஸின் பஞ்சாங்கப் புத்தகத்தில் மட்டும் 17 அக்டோபருக்கு நேரே ஒரு குறிப்பு. வீடு, காலை 7.05. ஊரில் இருந்தபோதே குறித்து வைத்த ரயில் நேரமா, கடைசி நாட்களின் மயக்கத்தில் எழுதியதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

முதலில் இறந்தது நில்ஸ். அவனை மட்டும்தான் மற்ற இருவரும் பாறை இடுக்கில் வைத்து கல் மூடி அடக்கம் செய்திருந்தார்கள். எதனால் செத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பதில். 1952-ல் எர்ன்ஸ்ட் ட்ரூட் என்ற டாக்டர், எஞ்சியிருந்த கரடித் துணுக்குகளில் டிரிக்கினெல்லா புழு இருந்ததைக் கண்டுபிடித்து, சரியா வேகாத கறிதான் காரணம் என்றார். அடுப்புப் புகை, குளிர், மார்ஃபின், கரடித் தாக்குதல் என்று வரிசை நீளம். பேயா ஊஸ்மா என்ற ஸ்வீடன் டாக்டர் வருஷக்கணக்கா இதன் பின்னாலேயே அலைந்து 2013-ல் ஒரு புத்தகம் எழுதினார், அதன் துணைத்தலைப்பே 'என் காதல் கதை' என்பதுதான். மூணு பிணத்தின் மேல் அவருக்குக் காதல். புரியுது.

இனி அன்னா.

அவளுக்குப் பிணம்கூட இல்லை. அதுதான் கொடுமை. அதற்கு முந்தைய வருஷம்தான் நான்சன் மூன்று வருஷம் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்துவிட்டு ஆர்க்டிக்கிலிருந்து உயிரோடு திரும்பியிருந்தார், அவர் மனைவி ஈவா அத்தனை நாள் காத்திருந்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் 1900 வரைக்கும் அன்னா நம்புவதில் தப்பே இல்லை. யாரும் 'போதும், நிறுத்து' என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு மனைவி என்ற இடமும் கிடையாது, விதவை என்ற இடமும் கிடையாது. எங்க பக்கம் இப்படி ஒரு பெண் இருந்தால் கல்யாண வீட்டில் எந்த வரிசையில் உட்கார வைப்பது என்றுகூட யாருக்கும் தெரியாது.

பல வருஷம் கழித்து கில்பர்ட் ஹாட்ரி என்ற ஆங்கிலேய ஆசிரியரை அன்னா கல்யாணம் செய்துகொண்டாள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்தார்கள். ஹாட்ரி எனக்குப் பிடித்த பாத்திரம். தான் கட்டிக்கொள்ளும் பெண்ணின் பழைய காதலன் ஒரு நாட்டுக்கே கதாநாயகன், செத்தானா என்பதும் உறுதியில்லை. அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைய ஒரு தைரியம் வேணும். பலூனில் ஏறுவதைவிடப் பெரிய தைரியம் என்பேன்.

6 ஆகஸ்ட் 1930. 'பிராட்வாக்' என்ற நார்வேக் கப்பல் வெள்ளைத் தீவில் நின்றது. அந்தக் கோடையில் ஐஸ் வழக்கத்துக்கு மாறா விலகியிருந்தது. குடிக்கத் தண்ணீர் தேடிப்போன சீல் வேட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஒரு அலுமினிய மூடியைப் பார்த்தார்கள். அப்புறம் ஐஸில் உறைந்த படகு, அப்புறம் உடல்கள். அடுத்த மாசம் ஒரு பத்திரிகையாளர் குழு போய் மிச்சத்தையும் எடுத்து வந்தது. நில்ஸின் உடைமைகளில் ஒரு தங்க இதய லாக்கெட் இருந்தது, உள்ளே அன்னாவின் படமும் ஒரு கற்றை முடியும். ஃபிலிம்கள் 33 வருஷம் ஐஸில் கிடந்தவை. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியின் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் உட்கார்ந்து 240-ல் 93 படங்களை மீட்டெடுத்தார். செத்தவன் எடுத்த படங்கள் பேரனுக்கு வயசாகும் காலத்தில் டெவலப் ஆகி வருகின்றன! கரடி பேசுகிற படமெல்லாம் இதுக்கு முன்னால் சாதாரணம்.

உடல்களை ஸ்வீடனுக்குக் கொண்டுவந்தது அதே ஸ்வென்ஸ்குண்ட், 1897-ல் அவர்களை டான்ஸ்கொயாவில் கொண்டுபோய் விட்ட அதே கப்பல். அரசு மரியாதையுடன் ஸ்டாக்ஹோமில் இறுதிச் சடங்கு நடந்தது 5 அக்டோபர் 1930 அன்று. வெள்ளைத் தீவில் அவர்கள் கரையேறிய தேதிக்குச் சரியா 33 வருஷம். தெருவெல்லாம் கூட்டம். எடை போட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போயின. எக்ஹோல்ம் அப்போது உயிரோடு இல்லை.

கடிதங்கள் அன்னாவிடம் சேர்ந்தன. அவளுக்கு அறுபதை நெருங்கும் வயசு. எழுதியவனுக்கு இன்னும் 24. பிறந்தநாள் வாழ்த்து, களைப்பா இருக்கு, நல்லா இருக்கேன், வந்துடுவோம். தொல்காப்பியர் சொன்ன அந்த 'தேற்றுதல்' கடைசியில் அவளிடம் வந்து சேர்ந்தது, தேற்றியவன் சாம்பலான பிறகு.

அன்னா 1949-ல் இங்கிலாந்தில் டோர்க்கீ நகரத்தில் இறந்தார். ஹாட்ரி என்ற பெயரில் உடல் அங்கேயே அடக்கம் ஆனது. ஆனால் அதற்கு முன்னால், அவர் விருப்பப்படி, இதயத்தைத் தனியா எடுத்தார்கள். ஒரு சின்ன வெள்ளிப் பெட்டியில் வைத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார்கள். நில்ஸின் தம்பி டோரெ ஸ்டிரிண்ட்பெர்க் சிற்பி, அண்ணன் பலூனில் ஏறியபோது பதினைந்து வயசுப் பையன். அவர்தான் அந்தப் பெட்டியை வடக்கு மயானத்தில் அண்ணனின் சாம்பல் இருக்கும் இடத்தில் வைத்தார். தேதி 4 செப்டம்பர் 1949. நில்ஸுக்கு அன்றைக்கு 77-வது பிறந்தநாள்.